பூனை பல்லியைத் தின்றால் என்ன ஆகும்?

வேலூர் சைதாப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கும் கேள்வி இது. அவர்கள் வீட்டில் இரண்டு வயதுப் பெண் பூனை இருக்கிறது. பொழுது சாய்ந்தால் ட்யூப்லைட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது, பல்லி பிடித்துத் தின்கிறது. முந்தாநாள் ஒருமுறை வாந்தி எடுத்தது. "பல்லி விஷம், இனி பூனை பிழைக்காது" என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் பல்லிகளை ஒழிக்க மருந்து வாங்கி வந்துவிட்டார். அடிக்கலாமா என்று கேட்கிறார்.

அடிக்காதீர்கள். நீங்கள் சொன்ன எல்லாவற்றிலும் பூனையின் உயிருக்கு உடனடி ஆபத்து அந்த மருந்து டப்பாதான். பல்லிக்கு விஷம் கிடையாது. ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு, வழக்கம்போலச் சாப்பிட்டுத் திரிகிற பூனையை நினைத்து இன்று ராத்திரி தூக்கம் கெட வேண்டியதில்லை. அதற்காகத் தினமும் பல்லி தின்கிற பழக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விடவும் கூடாது. பல்லி வழியாகப் பூனையின் ஈரலுக்குப் போகிற புழு ஒன்று இருக்கிறது. கால்நடை மருத்துவராக இந்தப் பக்கத்தில் வேலை பார்க்கும் எனக்கு இருக்கும் கவலையே, ஜனங்கள் இல்லாத விஷத்துக்குப் பயந்துகொண்டு இருக்கிற புழுவைக் கவனிக்காமல் விடுகிறார்களே என்பதுதான்.

விஷம் பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். நம் வீட்டுச் சுவரில் இருப்பவை பெரும்பாலும் ஹெமிடாக்டைலஸ் என்ற இனத்தைச் சேர்ந்த பல்லிகள். காலண்டருக்குப் பின்னாலிருந்து "சக் சக்" என்று குரல் கொடுப்பது அதில் ஒரு வகை. புளியமரம், வேப்பமரம், பழைய ஓட்டு வீட்டு உத்தரம் என்று ஒட்டிக்கொண்டிருக்கும் சாம்பல் நிறப் பெரிய பல்லி இன்னொரு வகை. ராத்திரியில் தரையிலும் கல்லிடுக்கிலும் நடமாடும், உடம்பில் பட்டை பட்டையாகக் கோடு போட்ட பல்லி ஒன்றும் உண்டு. கரையான் புற்றுப் பக்கம் அதிகம் தென்படும். சத்துவாச்சாரி, ரங்காபுரம் மாதிரி மலையடிவாரத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். பார்க்கக் கொஞ்சம் மிரட்சியாக இருப்பதால் அதை விஷப்பல்லி என்று சொல்லி அடித்துவிடுகிறார்கள், பாவம். இவை எதற்கும் நச்சுப்பல் கிடையாது, விஷச் சுரப்பியும் கிடையாது. ஓணானுக்கும் இல்லை. கடித்தால் மரணம் என்று பழமொழியே வைத்திருக்கிறோமே, அந்த அரணைக்கும் இல்லை.

அப்படியானால் பல்லி விழுந்த சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள் ஏன் வாந்தி எடுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். பல்லியின் குடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா இருக்கலாம். ஆறிப்போன குழம்பில் பல்லி விழுந்து மணிக்கணக்கில் கிடந்தால் அது பெருகும். போதாததற்கு, பல்லி கிடந்தது என்று தெரிந்ததுமே வரும் குமட்டல். இந்த இரண்டிலும் விஷம் எங்கேயும் வரவில்லை. அந்தச் சாப்பாட்டைக் கொட்டிவிட வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

உங்கள் பூனையின் வாந்திக்கு வருகிறேன். செதில், எலும்பு, துடிக்கும் வால் என்று ஒன்றை அப்படியே விழுங்கினால் வயிறு புரட்டத்தான் செய்யும். சொந்த முடியை நக்கி விழுங்கியும் பூனை வாந்தி எடுக்கும். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள், அன்று மழை பெய்திருந்ததா? ஆடி, ஆவணி மாதங்களில் நம் ஊரில் சாயங்காலம் இடியோடு மழை அடித்துவிட்டுப் போனால் வாசலில் தேரைகள் வந்துவிடும். தேரையின் தோலில், முக்கியமாகக் காதுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில், உண்மையாகவே நஞ்சு உண்டு. பூனை அதைக் கவ்விய உடனே வாயில் நுரை தள்ளும், எச்சில் கயிறாக ஒழுகும், தலையை உதறும். பல பேர் இதைப் பார்த்துவிட்டுத்தான் "பல்லி தின்று நுரை தள்ளுது" என்கிறார்கள். அப்படி நடந்தால் ஈரத்துணியால் பூனையின் வாயையும் ஈறையும் திரும்பத் திரும்பத் துடைத்துவிடுங்கள். தலையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், தண்ணீரைத் தொண்டைக்குள் ஊற்றக் கூடாது. தள்ளாட்டமோ வலிப்போ வந்தால் நேரே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

இனி அந்தப் புழு. ஏரிக்கரையில் மேயும் ஆடுகளுக்கு ஈரலில் தட்டைப்புழு வருவது நம் ஊர் ஆட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். நீர் நத்தை வழியாக வருவது அது. பூனைக்கும் அதே மாதிரி ஒரு தட்டைப்புழு உண்டு. பேர் பிளாட்டினோசோமம். வெப்ப நாடுகளின் பூனைகளில் காணப்படுவது, அரை சென்டிமீட்டர் சொச்சம்தான் நீளம். அது பூனைக்கு வந்து சேரும் வழி சுற்றுவழி. புழு உள்ள பூனையின் மலத்தில் முட்டை வெளியே வருகிறது. தோட்டத்து நத்தை அதைத் தின்கிறது. நத்தையிலிருந்து வெளிவரும் அடுத்த பருவத்தை, பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் சாம்பல் நிறத்தில் ஓடுமே, நிறையக் கால்களோடு, அந்தப் பூச்சி தின்கிறது. பூச்சியைப் பல்லியோ அரணையோ ஓணானோ தின்கிறது. பல்லியைப் பூனை தின்கிறது. பூனையின் குடலுக்குள் வந்ததும் குட்டிப் புழு பித்தநாளத்துக்குள் ஏறி, பித்தப்பையிலும் ஈரலுக்குள் இருக்கும் குழாய்களிலும் குடியேறிவிடுகிறது. அங்கே வளர்ந்து முட்டையிட இரண்டு மாதத்துக்கு மேல் பிடிக்கும்.

அந்த இரண்டு மாத இடைவெளிதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. இன்று பல்லி தின்றால் நாளைக்கு ஒன்றும் தெரியாது. நாலைந்து புழு இருந்தால் கடைசிவரை எந்த அறிகுறியும் இல்லாமலே போகலாம், பெரும்பாலான பூனைகள் இந்தக் கணக்குதான். தினமும் பல்லி தின்று புழுக்கள் சேர்ந்துகொண்டே போகும்போதுதான் பித்தநாளம் வீங்கி, சுவர் தடித்து, அடைப்பு வரும். பூனை சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். இளைக்கும். அவ்வப்போது வாந்தி. அப்புறம் மஞ்சள் காமாலை. இந்தக் கட்டத்தில்தான் என்னைப் போன்றவர்களிடம் கொண்டுவருகிறார்கள். பல்லி தின்ற கதையை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அது மூன்று மாதப் பழசு.

காமாலையை வீட்டிலேயே பார்க்கலாம். பூனையைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக மடியில் வைத்துக்கொண்டு, மேல் உதட்டைக் கட்டைவிரலால் லேசாகத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். காதின் உட்புறம், முடி இல்லாத இடம், வெள்ளைப் பூனையாக இருந்தால் எளிதாகத் தெரியும். கறுப்புப் பூனைக்கு ஈறும் மேலண்ணமும் கண்ணின் வெள்ளையும்தான் வழி. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்த்தால் தப்பாகத் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் சீக்கிரமே கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டு நாளாக எதுவுமே சாப்பிடாத பூனையை, காமாலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். நாய் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் தாங்கிக்கொள்ளும். பூனையின் உடம்பு அப்படி இல்லை. பட்டினி கிடக்கும்போது உடம்புக் கொழுப்பு முழுக்க ஈரலில் வந்து சேர்ந்து ஈரலையே செயலிழக்க வைத்துவிடும். கொழுகொழுவென்று இருக்கும் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இந்தத் தட்டைப்புழுவுக்குக் கொடுப்பது பிராசிகுவான்டெல் என்ற மருந்து. நாடாப்புழுவுக்காகக் கடையில் விற்கும் பூச்சி மாத்திரையிலும் அதே மருந்துதான் இருக்கிறது, ஆனால் அந்த அளவு இதற்குப் போதாது. அதைவிடப் பல மடங்கு, பூனையின் எடை பார்த்து, தொடர்ந்து சில நாள் கொடுக்க வேண்டும். "மூணு மாசத்துக்கு ஒருதரம் பூச்சி மாத்திரை போடுறோமே" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நீங்களாக அளவைக் கூட்டியும் கொடுத்துவிடாதீர்கள், ஈரல் ஏற்கெனவே நொந்திருக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வேண்டாம், இந்தப் புழு பூனையிலிருந்து நேராக மனிதருக்கு வராது. சால்மொனெல்லா வரலாம், அதனால் பூனையின் மலத்தை அள்ளிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அடுத்து, அந்த மருந்து டப்பா. பூனையின் ஈரலில், பல ரசாயனங்களைச் செயலிழக்கச் செய்து வெளியே அனுப்பும் ஒரு நொதி மிகக் குறைவு. மனிதரும் நாயும் தாங்கக்கூடியது பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சல் என்று நினைத்து ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை கொடுத்தால் பூனை செத்துப்போவதும் இதனால்தான். கரப்பான், பல்லிக்கு என்று விற்கும் ஸ்ப்ரேக்களில் பலவற்றில் பெர்மெத்ரின் வகை மருந்து இருக்கிறது. சுவரில் அடித்தது தரையில் படியும், பூனை அதில் நடக்கும், பிறகு உட்கார்ந்து பாதத்தை நக்கும். நடுக்கமும் வலிப்பும் சில மணி நேரத்தில் தொடங்கிவிடும். எறும்பு சாக்பீஸும் இதே குடும்பம்தான்.

பல்லியை விரட்ட நம் வீடுகளில் செய்யும் வைத்தியங்கள் ஒவ்வொன்றையும் பூனை இருக்கும் வீடு என்ற கண்ணோடு பார்க்க வேண்டும். அந்துருண்டையை அலமாரி மூலையிலும் ஜன்னல் விளிம்பிலும் போட்டு வைப்பார்கள். பூனை அதை உருட்டி விளையாடும், நக்கும், அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். காப்பித்தூளும் புகையிலைத்தூளும் கலந்து உருண்டை பிடித்து வைப்பதில் நிகோடின் இருக்கிறது, மிக மோசமான நஞ்சு. வெங்காயம், பூண்டு தொங்கவிட்டால் வாசனையோடு போகிறது, ஆனால் கீழே விழுந்ததைப் பூனை தின்றால் ரத்தசோகை. பல்லி எச்சம் நாறுகிறது என்று பினாயில் ஊற்றித் துடைக்கும் வீடுகள் ஏராளம். அந்தத் தரையில் நடந்த பாதத்தைப் பூனை நக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே போதும். முட்டை ஓடும் மயிலிறகும் வைத்தால் பூனைக்குக் கெடுதல் இல்லை, பல்லியும் போகாது.

பசை அட்டை வைக்காதீர்கள் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். அதில் ஒட்டிய பல்லி இரண்டு மூன்று நாள் உயிரோடு துடிக்கும். அந்தத் துடிப்பைப் பார்த்துப் பூனை பாயும், மூஞ்சி ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே ஒட்டிவிட்டால் பிடித்து இழுக்காமல் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவி, ஊறவிட்டு, மெதுவாகக் கழற்றுங்கள். மண்ணெண்ணெய், தின்னர் பக்கமே போகாதீர்கள்.

இன்னொரு விஷயம், கேள்வியில் இல்லை, ஆனால் ஓட்டு வீட்டுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். பல்லி நிறைய இருக்கும் வீட்டுக்கு அதைத் தின்ன ஒரு பாம்பும் வரும். பழுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட, ராத்திரியில் சுவர் ஏறும் சின்னப் பாம்பு. ஓநாய்ப் பாம்பு என்று நூல்களில் எழுதுவார்கள். அதற்கு விஷம் இல்லை. கட்டுவிரியன் என்று நினைத்து எல்லாரும் அடித்துவிடுகிறார்கள். ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்துப் பக்கம் பட்டை தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் தலைப்பக்கம் மங்கலாக இருந்து போகப் போகத் தெளிவாகும். இதை வைத்துக்கொண்டு கிட்டே போய்ச் சோதிக்க வேண்டாம். பூனை எதையோ சுற்றிச் சுற்றி வந்து முன்காலால் தட்டுகிறது என்றால் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள், கையை நீட்டாதீர்கள்.

சரி, பூனையின் பழக்கத்தைக் குறைக்க என்ன வழி? பசியும் வேட்டையும் பூனைக்கு வேறு வேறு. வயிறு நிறைந்த பூனையும் அசைவதைக் கண்டால் பாயும். அடிப்பதாலும் கத்துவதாலும் பலனே இல்லை. ஆனால் சாப்பாட்டின் தரம் முக்கியம். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் நிறைந்த உணவு கொடுத்த வீடுகளில் பூனைகள் வேட்டையாடி வீட்டுக்குக் கொண்டுவந்தது 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் பூனையோடு விளையாடிய வீடுகளில் 25 சதவீதம் குறைந்தது. கழுத்தில் மணி கட்டியதில் குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை.

நம் வீடுகளில் பூனைக்குக் கிடைப்பது பால் சோறு, தயிர் சோறு, என்றைக்காவது மீன் தலை. பூனை முழுக்க முழுக்க மாமிச உண்ணி. டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது இல்லாவிட்டால் பார்வை போகும், இதயம் வீங்கும். டாரின் குறைந்தால் பூனைகளுக்கு இதய வீக்கம் வரும் என்று 1987இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே எலும்பில்லாத கோழிக்கறி, நெத்திலி, முட்டை என்று கொடுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்தே கொடுங்கள். டாரின் வேகும் தண்ணீரில் இறங்கிவிடும், வடித்துக் கொட்டினால் போச்சு. கருவாடு உப்பு, வேண்டாம். முடிந்தவர்கள் கடைப் பூனை உணவு கொடுக்கலாம், அதில் டாரின் சேர்த்திருப்பார்கள்.

நேரத்தையும் பாருங்கள். பல்லிகள் வெளியே வருவது விளக்கு வைக்கிற நேரத்தில். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நூலில் துணி முடிச்சைக் கட்டி இழுத்துப் பூனையோடு விளையாடிவிட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். ஓடி, பாய்ந்து, பிடித்து, தின்றுவிட்ட பூனை உடம்பை நக்கிக்கொண்டு படுத்துவிடும். விளையாட்டு முடிந்ததும் நூலை எடுத்து வைத்துவிடுங்கள், விழுங்கினால் குடலை அறுக்கும்.

பல்லி இருக்கும் இடத்தையும் மாற்றலாம். பூச்சி இருக்கும் இடத்தில்தான் பல்லி இருக்கும், விளக்கு இருக்கும் இடத்தில்தான் பூச்சி. மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் அன்று வீட்டு விளக்கை அணைத்துவிட்டு வாசல் விளக்கை மட்டும் கொஞ்ச நேரம் போட்டுவிடுங்கள், ஈசலும் பல்லியும் வெளியே போய்விடும். வெள்ளை விளக்குக்குப் பதில் மங்கலான மஞ்சள் எல்இடி போட்டால் பூச்சி குறையும். விளக்குக்குக் கீழே இருக்கும் பீரோ, ஸ்டூல், டிவி மேசை எதையாவது தள்ளிப் போட முடிந்தால் தள்ளுங்கள், பூனைக்கு எட்டாது. பூந்தொட்டிகளைச் சுவரை ஒட்டி வைக்காமல், அடியில் ஈரமும் சருகும் சேராமல் பார்த்துக்கொண்டால் அந்தப் புழுவின் சங்கிலியில் நத்தை, பூச்சி இரண்டு கண்ணிகளும் அறுந்துபோகும்.

பல்லிகளை முழுதாக ஒழிக்க வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். கொசு, அந்துப்பூச்சி, ஈசல், கரப்பான் குஞ்சு என்று ராத்திரி முழுக்கத் தின்கிற உயிர் அது. வீட்டுக்காரருக்குச் சொல்லிப் புரியவில்லை என்றால் ஒருநாள் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பூனை பாய்ந்ததும் பல்லி வாலை விட்டுவிட்டு ஓடும். வால் எலும்பின் நடுவிலேயே ஒடிவதற்கென்று பலவீனமான கோடுகள் இருக்கின்றன, அங்கே தசை தானாக இறுகிப் பிடுங்கிக்கொள்கிறது. ரத்தம்கூட அவ்வளவாக வராது. விழுந்த வால் நிமிடக்கணக்கில் துள்ளும், பூனை அதையே தட்டிக்கொண்டிருக்கும், பல்லி கடிகாரத்துக்குப் பின்னால் போய்விடும். திரும்ப முளைக்கும் வாலில் எலும்பு இருக்காது, குருத்தெலும்புதான். நிறமும் வடிவமும் கொஞ்சம் மாறியிருக்கும், சுவரில் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம். வாலில்தான் பல்லி கொழுப்பைச் சேமிக்கிறது, அதனால் அந்தத் தப்பித்தல் அதற்கு இலவசம் இல்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப்பல்லியையும் வெள்ளிப்பல்லியையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வருகிற மாமியாரிடம், பல்லியைக் கொல்லாமல் வைத்திருப்பதற்கு ஆதரவு நிச்சயம் கிடைக்கும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். காலையில் பூனை போகும் புது மலத்தைச் சுத்தமான மூடி போட்ட சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு, பூனையோடு அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். "தினமும் பல்லி தின்கிறது, ஈரல் தட்டைப்புழு முட்டை இருக்கிறதா என்று படிவு முறையில் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்க்கும் சாதாரணச் சோதனையில் இந்த முட்டை பெரும்பாலும் தவறிவிடும். அடைப்பு முற்றிய பூனையில் முட்டை மலத்துக்கே வராது. ஆகையால் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்து, பூனை இளைத்துக்கொண்டே போனால், வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்துப் பித்தப்பையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். போகிற கையோடு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல்லியால் அந்த நோய் வராது, ஆனால் ராத்திரியில் வெளியே திரிகிற பூனைக்கு அது கட்டாயம் வேண்டும்.